மேஸ்திரி அண்ணனும் ஜிங்க் மாத்திரையும்

மேஸ்திரி அண்ணன் உப்பளத்தில் விழுந்தது 2024 ஜனவரியில். பொங்கல் முடிந்து, மழைத் தண்ணீர் வடிந்த பாத்திகளில் சேறு வாரி, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துகிற நாட்கள். மரக்காணத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அந்த மிதி சரியாக விழவில்லை என்றால் உப்பு வெள்ளையாக வராது, மண் கலந்து வரும். மிதிப்பதை மேற்பார்வை பார்க்க அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நின்றவர் அப்படியே பாத்திக்குள் சாய்ந்துவிட்டார்.

தலையில் உப்புக் கூடையோடு இந்த ஒற்றை வரப்புகளில் ஐம்பது வருஷம் நடந்தவர் அவர். எழுபத்து மூன்று வயது. குடிப் பழக்கம் கிடையாது. "சேறு வழுக்கிப்பூடுச்சு வாத்தியாரே, வேற ஒண்ணுமில்ல" என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன்.

அடுத்த மாதம் வீட்டில், குழாயடியில் விழுந்தார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். கண் மூடியதும் ஆள் கீழே. அதற்கப்புறம்தான் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலைந்து மாதமாகப் பாதம் மரத்திருக்கிறது, தரையில் கால் வைத்தால் பஞ்சு மூட்டை மேல் வைத்த மாதிரி இருக்கிறது, ராத்திரி எழுந்தால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை.

பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். ரத்தம் குறைவு என்றார். வைட்டமின் பி12 ஊசி போட்டார். வயதானவர், கால் மரப்பு, ரத்தச் சோகை என்றால் முதலில் அதைத்தான் எவரும் நினைப்பார்கள், அதில் தவறில்லை. ஆறு வாரம் ஊசி போட்டும் மாற்றம் இல்லை. ஏப்ரலில் அவர் மகனும் நானுமாகப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் பெண். எங்கள் பேத்தி வயதுதான் இருக்கும். கேள்வி மேல் கேள்வி கேட்டது. கடைசியில், "தாத்தா, வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்களோ, அத்தனையும் எனக்குப் பார்க்கணும்" என்றது. மகன் மஞ்சள் பையைக் கவிழ்த்தான். பிரஷர் மாத்திரை ஒன்று. அதோடு ஜிங்க் மாத்திரை அட்டைகள், ஆறோ ஏழோ.

"இது எதுக்கு?"

"கொரோனாவுக்குச் சாப்பிட்டது. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"எவ்வளவு நாளா?"

"அதுலேர்ந்தே."

2021 மே மாதத்திலிருந்து. கிட்டத்தட்ட மூன்று வருஷம். ஒவ்வொரு மாத்திரையும் 50 மில்லிகிராம்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டது.

மேஸ்திரி அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ ஒரு டாக்டரும்மா. பேர் ஞாபகமில்ல" என்றார்.

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுதிக் கொடுத்தது நான்.

இரண்டாம் அலையில் நம் பக்கத்தில் எத்தனை பேரை இழந்தோம் என்பது இதைப் படிக்கும் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த மே மாதம் முழுக்க ஜிங்க் மாத்திரை, வைட்டமின் சி, கபசுரக் குடிநீர் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நான் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் உயிரியல் நடத்தியவன். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று வந்து கேட்டவர்களுக்கெல்லாம் மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது ஒரு நோட்டுத் தாளில், தமிழில், அழகான கையெழுத்தில். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை.

நானும் சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது, நிறுத்திவிட்டேன். புத்திசாலித்தனத்தால் நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது. அண்ணன் நிறுத்தாததற்கு வேறு காரணம் இருந்தது. உப்பளத்துக்காரர்களுக்குக் காலில் புண் வந்தால் லேசில் ஆறாது. அவருக்குக் கணுக்காலில் ஒரு புண் வருஷக்கணக்கில் இருந்தது. மாத்திரை ஆரம்பித்த சில மாதத்தில் அது மூடிக்கொண்டது. "புண்ணு ஆறிப்பூடுச்சு வாத்தியாரே, நல்ல மருந்து" என்று ஒரு நாள் வீட்டுக்கு வந்து நண்டு கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று நல்லது என்றால் இரண்டு இன்னும் நல்லது என்று அவராகவே இரண்டாக்கிக்கொண்டார். மாதாமாதம் என் தாளைக் காட்டித்தான் கடையில் வாங்கியிருக்கிறார். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் பத்திரமாக வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, எழுதிக் கொடுத்தது நான்தான்" என்றேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "சார், இவருக்கு ரத்தத்துல காப்பர் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னது.

பார்த்தார்கள். ஜிங்க் மேலே, செம்பு அடிமட்டத்தில். பி12 குறைந்தாலும் செம்பு குறைந்தாலும் முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புப் பாதைதான் அதிகம் பழுதாகிறது. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் பாதை அது. அதனால்தான் கண் திறந்திருக்கும்வரை பார்த்துப் பார்த்து நடந்தார், கண்ணை மூடியதும் விழுந்தார்.

ஜிங்க் சாப்பிட்டால் செம்பு ஏன் குறைய வேண்டும்? வீட்டுக்கு வந்தும் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பேத்தி சென்னையில் பயோடெக்னாலஜி படிக்கிறாள். அந்தக் கோடை விடுமுறைக்கு வந்தவளை உட்கார வைத்துக் கேட்டேன். நான் நடத்திய பாடப் புத்தகத்தில் துத்தநாகம் ஒரே ஒரு வரியில் வரும், நுண்ஊட்டங்களில் ஒன்று என்று. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்ததை எழுபது வயதில் என் பேத்தியிடம் படித்தேன்.

நம் உடம்பில் மொத்தம் 2 முதல் 3 கிராம் துத்தநாகம்தான் இருக்கிறது. சில சிட்டிகை உப்பு அளவுதான். இது மனிதனுக்கு வேண்டும் என்பதே 1960-கள் வரை உறுதியாகத் தெரியாது. கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், பீகாரில் பக்ஸரில் பிறந்த ஆனந்த பிரசாத். 1958-ல் ஈரானில் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது அவரிடம் ஒரு நோயாளி வந்தான். வயது 21, பார்த்தால் பத்து வயதுப் பையன். ரொட்டியைத் தவிர அதிகம் எதுவும் சாப்பிடுவதில்லை, மண் தின்னும் பழக்கம். இது வெறும் இரும்புக் குறைவாக இருக்க முடியாது, துத்தநாகமும் இல்லை என்று சந்தேகப்பட்டு, பிறகு எகிப்துக்குப் போய் அதே மாதிரிப் பையன்களைச் சோதித்து நிரூபித்தார். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் வளர்ந்தார்கள். ஆரம்பத்தில் பல விஞ்ஞானிகள் அவரை நம்பவில்லை. அமெரிக்காவில் துத்தநாகத்துக்குத் தினசரி அளவு நிர்ணயித்ததே 1974-ல்தான்.

ஆகவே மாத்திரை மோசம் என்று நான் சொல்லவரவில்லை. பேதியாகும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு தினம் 20 மில்லிகிராம் ஜிங்க் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-ல் சொன்னது எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது பத்துப் பதினான்கு நாளைக்கு. ஐசிஎம்ஆர் 2020-ல் வெளியிட்ட கணக்கில் வளர்ந்த ஆணுக்குத் தினம் 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13 சொச்சம். தினம் 40-ஐத் தாண்டக் கூடாது. சாப்பாட்டையும் சேர்த்து. அண்ணன் மாத்திரையில் மட்டுமே 100 சாப்பிட்டிருக்கிறார்.

பேத்தி முதலில் சொன்ன விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரும்பு மிஞ்சினால் கல்லீரலில் சேர்த்து வைக்க உடம்புக்குக் கிடங்கு உண்டு, கொழுப்புக்கும் உண்டு. துத்தநாகத்துக்கு அப்படிப் பெரிய கிடங்கு கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன் துத்தநாகத்தைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் சுதந்திரமாகத் திரிய விடாது. செல்லுக்குள் இருக்கும் துத்தநாகத்தில் ஏறக்குறைய எல்லாமே ஏதாவது ஒரு புரதத்தின் பிடியில் இருக்கும், கட்டவிழ்ந்து திரிவது மிக மிகச் சொற்பம். திரிந்தால் கண்ட புரதத்திலும் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்துவிடும்.

"அப்ப எங்க வெச்சுக்கும்?" என்று கேட்டேன்.

இரண்டு இடம் என்றாள். ஒன்று, செல்லுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பைகள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் கவனியுங்கள், நம் கணையத்தின் செல்கள் இன்சுலினை இப்படிப்பட்ட பைகளில்தான் கட்டி வைக்கின்றன, ஆறு இன்சுலின் மூலக்கூறுக்கு இரண்டு துத்தநாக அணு நடுவில் ஆணி அடித்த மாதிரி. இரண்டாவது இடம் ஒரு புரதம். பெயர் மெட்டலோதயோனின். 1957-ல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தது. அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரடு. அதில் இருபது இடத்தில் கந்தகம் இருக்கிறது. அந்த இருபது கந்தகக் கைகளும் சேர்ந்து ஏழு துத்தநாக அணுக்களைப் பிடித்து வைக்கும், கேட்கும் புரதத்துக்கு எடுத்துக் கொடுக்கும். அந்தக் காலத்து நெற்குதிர் மாதிரி இல்லை, வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரி.

இந்தப் புரதம் நமக்கு மட்டுமில்லை, செடி கொடிக்கும் உண்டு. உப்பளத்தைச் சுற்றி நாம் திட்டிக்கொண்டே விறகுக்கு வெட்டும் சீமைக் கருவேலம் இருக்கிறதே, அது கன உலோகக் கழிவு கொட்டிய மண்ணில்கூடச் செழித்து வளர்கிறது. அதற்கு என்ன காரணம் என்று தேடி, சென்னை தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் அந்த மரத்திலிருந்து மூன்று வகை மெட்டலோதயோனின்களைப் பிரித்து, எது எந்த உலோகத்தை எப்படிப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டு 2009-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பேத்தி அந்தக் கட்டுரையைக் காட்டியபோது ஜன்னலுக்கு வெளியே அந்த மரம்தான் நின்றுகொண்டிருந்தது. நாற்பது வருஷமாக அதைப் பார்த்து முகம் சுளித்தவன் நான்.

சரி, மரபணுவுக்கு வருகிறேன். இங்கேதான் அண்ணனின் கால் போன கதை இருக்கிறது.

நம் டிஎன்ஏ ஒரு பெரிய கணக்குப் புத்தகம் என்றால், எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று சொல்ல ஆட்கள் வேண்டும். அவர்களும் புரதங்கள்தான். புரதம் என்பது தொளதொளவென்ற நூல். டிஎன்ஏவின் பள்ளத்தில் சரியாகப் பொருந்த அதற்கு ஒரு உருவம் வேண்டும். அந்த உருவத்தைக் கொடுப்பது பல இடங்களில் ஒரே ஒரு துத்தநாக அணு. புடவைக் கொசுவத்தை ஒரு ஊக்குக் குத்தி நிறுத்துவது போல, நூலின் நாலு இடத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மடிந்த அந்தப் பகுதி விரல் போல நீட்டிக்கொண்டு டிஎன்ஏவைத் தடவிப் படிக்கிறது. ஜிங்க் விரல் என்றே அதற்குப் பெயர். 1985-ல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக் குழுவினர் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் இருந்த ஒரு புரதத்தில் இதைக் கண்டார்கள். நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிற்காலத்தில் போய்ச் சேர்ந்ததும் அதே ஆய்வகம்தான். மனித உடம்பில் இந்த விரல் வைத்த புரதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஊக்கைக் கழற்றினால் விரல் குலைந்துவிடும், படிக்க முடியாது. ஷிராஸில் அந்தப் பையன் ஏன் வளரவில்லை என்பது இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. வளர வேண்டுமானால் எத்தனை பக்கங்களைத் திறக்க வேண்டும்!

இந்த விரல் புரதங்களில் ஒன்றுக்கு ஒரு விசேஷ வேலை. பெயர் எம்டிஎஃப்-1. ஸூரிச்சில் 1988-ல் அடையாளம் கண்டது. அதற்கு ஆறு விரல். செல்லுக்குள் துத்தநாகம் அளவாக இருக்கும்போது இது சும்மா இருக்கும். துத்தநாகம் மிஞ்சத் தொடங்கினால் விரல்கள் முழுதும் மடிந்து, டிஎன்ஏவில் தனக்கென்று குறித்து வைத்த இடத்தில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் மெட்டலோதயோனின் மரபணு வேலை செய்ய ஆரம்பிக்கும். மிஞ்சியதைப் பிடித்து வைக்க மேலும் மேலும் அஞ்சறைப் பெட்டிகள். துத்தநாகத்தை வெளியே தள்ளும் கதவுகளில் ஒன்றும் அதே உத்தரவில் அதிகமாகும். துத்தநாகம் குறைந்தால் உத்தரவு நின்றுவிடும். எலிகளில் இந்த எம்டிஎஃப்-1 மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், கல்லீரல் கெட்டு கருவிலேயே செத்துவிட்டன.

எனக்கு இது உடனே பிடிபட்டது. அண்ணன் செய்யும் வேலையே இதுதான். உப்புத் தண்ணீரில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார். கடல் தண்ணீர் மூன்று டிகிரி சொச்சம். பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து 24, 25 வந்தால் உப்பு இறங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து இறங்கும். குழாய் ஏறி நிற்பதைப் பார்த்து, "மடையைத் தொற" என்று ஒரு குரல். அவ்வளவுதான். செல்லுக்குள் இருக்கும் மேஸ்திரிக்குக் குழாயும் அவன்தான், குரலும் அவன்தான்.

"அப்ப எல்லாம் சரியாத்தானே நடக்குது? மிஞ்சினா பிடிச்சு வெச்சுக்குது, வெளிய தள்ளுது. அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"தாத்தா, அந்தப் பெட்டிக்கு ஜிங்க்கை விட காப்பரைத்தான் ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

மெட்டலோதயோனினின் கந்தகக் கைகள் துத்தநாகத்தைப் பிடிப்பதை விடச் செம்பைக் கெட்டியாகப் பிடிக்கும். செம்பு வந்தால் துத்தநாகத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு லேசில் விடாது. நாம் சாப்பிடும் எல்லாமே குடலின் உள்பூச்சுச் செல்கள் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். அண்ணன் காலையும் ராத்திரியும் மாத்திரை போட்டதில் அந்தச் செல்களுக்குள் மேஸ்திரி ஓயாமல் கத்திக்கொண்டே இருந்திருக்கிறான். பெட்டிகள் குவிந்துவிட்டன. சாப்பாட்டிலிருந்து வந்த கொஞ்சநஞ்சச் செம்பும் அதில் மாட்டிக்கொண்டது. குடல் செல்லுக்கு ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து நாள்தான். உதிரும்போது செம்போடு சேர்ந்து மலத்தில் போய்விடும். புதுச் செல் வரும், அதிலும் அதே கதை. மூன்று வருஷம்.

செம்பு இல்லாமல் சேமிப்பிலிருக்கும் இரும்பு ரத்தத்துக்கு ஒழுங்காக வந்து சேராது, அதனால் ரத்தச் சோகை. வெள்ளணுவும் குறையும். கடைசியில் நரம்பு.

இதே சங்கதியை மருத்துவர்கள் வேண்டுமென்றே செய்வதும் உண்டு என்று பேத்தி சொன்னாள். வில்சன் நோய் என்று பரம்பரையாக வருவது ஒன்று இருக்கிறது. செம்பை வெளியேற்ற முடியாமல் கல்லீரலிலும் மூளையிலும் சேரும். இளம் வயதிலேயே கை நடுக்கம், பேச்சுக் குழறல் வரும். ஹாலந்தில் 1961-லேயே ஒரு மருத்துவர் இதற்குத் துத்தநாகம் கொடுத்துப் பார்த்தார். 1997-ல் அமெரிக்காவில் துத்தநாக அசிடேட்டை இந்த நோய்க்கு மருந்தாக அங்கீகரித்தார்கள். ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. அண்ணன் சாப்பிட்டதற்கும் அதற்கும் ஒரு மாத்திரைதான் வித்தியாசம். இல்லாத நோய்க்கு வைத்தியம் நடந்திருக்கிறது, என் கையெழுத்தில்.

துத்தநாகம் என்றதும் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது, சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் அதே நாகம் என்ற சொல்லுக்கு ஈயம் என்று பொருள். பெயரை மட்டும் தாளில் எழுதிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்தக் கோடையில் நான் பலவிதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜிங்க்கை நிறுத்தி, செம்பு மாத்திரை கொடுத்தார்கள். நடுவில் சொந்தக்காரர் ஒருவர், "செம்புக் குடத்துல தண்ணி வெச்சுக் குடி, போதும்" என்றார். டாக்டர் பெண் சிரித்துக்கொண்டே, முதலில் குடலில் குவிந்த பெட்டிகள் காலியாக வேண்டும், உடம்பில் சேர்ந்த ஜிங்க் குறைய வேண்டும், அதுவரை குடம் என்ன அண்டாவில் குடித்தாலும் உள்ளே போகாது என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னது.

இரண்டு மாதத்தில் ரத்தம் ஏறிவிட்டது. வெள்ளணுவும் சரியானது. முகத்தில் களை வந்தது. கால் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. மரப்பு முழங்காலிலிருந்து இறங்கிக் கணுக்காலில் நின்றுவிட்டது. பகலில் கைத்தடியோடு நடக்கிறார். இருட்டில் நடப்பதில்லை. ரத்தம் சரியாகும், நரம்பு எவ்வளவு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தது.

நான் எழுதிக் கொடுத்த மற்றவர்களைத் தேடிப் போனேன். பட்டியல் எதுவும் இல்லை, ஞாபகத்தில்தான். பதினொரு பேர் நினைவுக்கு வந்தார்கள். எட்டுப் பேர் எப்போதோ நிறுத்திவிட்டார்கள், அட்டையைக்கூட மறந்துவிட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார், இதனால் இல்லை. இரண்டு பேர் தினம் ஒன்று இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நான் சொன்னதும் நிறுத்தினார். இன்னொருவர், கூனிமேட்டுப் பக்கத்துக்காரர், "நீதானய்யா சாப்பிடச் சொன்ன, இப்ப நீயே வேணாங்கிற" என்று கோபித்துக்கொண்டார். அவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். குறை ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். சித்திரை வெயில். பாத்தியெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூசுகிறது. அண்ணன் இப்போது கொட்டகையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. மகன் ஒரு சொம்பில் பாத்தித் தண்ணீரை மொண்டு கொண்டுவந்து வைக்கிறான், அவர் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்த்துச் சொல்கிறார். மகன்தான் வரப்பில் ஓடி மடையைத் திறக்கிறான். முன்பெல்லாம் இரண்டையும் அவரே செய்வார்.

அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை. பிளாஸ்டிக் உறையை எடுத்து, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் தள்ளித் தேடி எடுத்தார். மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாகியிருந்தது. கையில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரில ஏன் அண்ணே அப்படிப் பொய் சொன்னீங்க?" என்றேன்.

"நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த செம்பு மாத்திரைய இன்னும் எத்தினி மாசம் துன்னணும் வாத்தியாரே?" என்று கேட்டார்.

"டாக்டரம்மாவைக் கேட்போம் அண்ணே. வர்ற செவ்வாய்க்கெழமை நானும் கூட வரேன்" என்றேன்.